வாசகர் கேள்வி: சண்டைக் காட்சியில் கண் எங்கே போகும்?

கே: பெரிய பட்ஜெட் ஆக்‌ஷன் படங்களில் யார் யாரை அடிக்கிறார் என்றே புரிவதில்லை. 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' (2015) மட்டும் எப்படித் தெளிவாக இருக்கிறது?

ப: அதிலும் ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் 'கட்' கொஞ்சநஞ்சமில்லை, 2 மணி நேரத்தில் ஏறக்குறைய 2,700. சராசரியாக ஒரு ஷாட் 3 நொடிகூட நிற்காது. அதனால் முகமோ துப்பாக்கியோ, முக்கியமானது எதுவானாலும் ஃப்ரேமின் நடுவில் வைக்கும்படி ஒளிப்பதிவாளர் ஜான் சீலிடம் இயக்குநர் ஜார்ஜ் மில்லர் கேட்டுக்கொண்டார். இந்த ஷாட்டில் இடது ஓரம் நிற்கும் ஆள் அடுத்ததில் வலது ஓரத்துக்குத் தாவினால், கண் தேடிப் பிடிப்பதற்குள் அந்த ஷாட்டே முடிந்துவிடும். நாம் கேமரா குலுங்குவதைத் திட்டுகிறோம். பாதிப் பழி கண்ணை இப்படி அலையவிடுவதற்குத்தான் சேர வேண்டும்.

காட்சிகளை ஷாட் ஷாட்டாக முன்கூட்டியே வரைந்த ஸ்டோரிபோர்டு படங்கள் மட்டும் சுமார் 3,500. படம்பிடித்த 480 மணி நேரக் காட்சிகளைப் படமாகச் செதுக்கிய எடிட்டர் மார்கரெட் சிக்சலுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

கே: அதில் ஓடும் வண்டிமேல் நட்ட உயரக் கம்பத்தில் ஆடுபவர்கள் கிராஃபிக்ஸா?

ப: இல்லை, ஸ்டன்ட் கலைஞர்கள். கம்பத்தின் அடியில் கனமான எதிர் எடை வைத்து, நமீபியா பாலைவனத்தில் ஓடும் வண்டிகளிலேயே ஆடினார்கள். அந்தக் காட்சிகளில் பாதுகாப்புக் கயிற்றை அழிப்பது, வானத்தை மாற்றுவது போன்றவைதான் கிராஃபிக்ஸ் வேலை.