வங்கியின் தொழில்நுட்பப் பிரிவில் வேலை எப்படி இருக்கும்?

புதிதாக நிரல் எழுதும் நேரம் குறைவு. ஓடிக்கொண்டிருப்பதை நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பகுதி வேலை. பத்து வரி மாற்றம்கூட சோதனைச் சூழல், பயனர் சோதனை, ஒப்புதல் எல்லாம் தாண்டித்தான் வாடிக்கையாளர் பயன்படுத்தும் நேரடி அமைப்புக்குப் போகும். பொதுவாக எழுதியவரே அதை நேரடி அமைப்பில் ஏற்ற முடியாது. ஏற்றியது சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பும் படிகளையும் முன்பே எழுதித் தர வேண்டும். எரிச்சலாக இருக்கும், ஆனால் மக்கள் பணத்துக்கு இந்தக் கெடுபிடி தேவைதான்.

அதிகம் படுத்துவது, பதில் வராத பரிவர்த்தனை. அட்டைப் பரிவர்த்தனைச் செய்திகளுக்கான ஐஎஸ்ஓ 8583 என்ற தர முறையில் ஏடிஎம் பக்கத்திலிருந்து 0200 என்ற கோரிக்கை வருகிறது. வங்கி கணக்கில் கழித்துவிட்டு 0210 என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் வழியில் தொலைந்தால் பணம் வெளியே வராது, இருப்பு மட்டும் குறைந்திருக்கும். காலக்கெடு முடிந்ததும், கழித்ததைத் திரும்ப வரவு வைக்கச் சொல்லி ஏடிஎம் பக்கத்திலிருந்து 0420 என்ற திருப்பல் செய்தி போக வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் மறுபடி அனுப்பப்படும். அது இருமுறை வந்து சேர்ந்தாலும் பணம் ஒருமுறைதான் வரவாக வேண்டும். ஒவ்வொரு பரிவர்த்தனையையும் அடையாளம் காட்டும் தடமறி எண்ணை ஒப்பிடாத நிரல் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

இரவில் வட்டிக் கணக்கும் பேரேட்டுச் சரிபார்ப்பும் ஓடும். இப்படித் தானாக ஓடும் ஒரு வேலை (ஜாப்) நடுவில் நின்றால், எதுவரை முடிந்தது என்று அதன் பதிவேட்டில் (லாக்) பார்க்காமல் முதலிலிருந்து ஓட்டிவிடாதீர்கள். வட்டி இரட்டிப்பாக ஏறிவிடும் ஆபத்து உண்டு. கணக்கு முடிக்கும் ஆண்டு இறுதியில் விடுப்பு கிடைப்பது கஷ்டம்.

சேரும் முன் தரவுத்தளத்தில் தேட உதவும் எஸ்க்யூஎல் மொழி, யூனிக்ஸ் இயங்குதளக் கட்டளைகளோடு பற்று வரவுக் கணக்கையும் படித்துவிடுங்கள்.