சுடுவது பின்கட்டில், வைப்பது வளவு அறையில்: பிட்யூட்டரி கேள்வி பதில்

உடலியங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். இந்த முறை வந்த கேள்விகளெல்லாம் மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸையும், அதற்குக் கீழே காம்பில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதியான பின் பிட்யூட்டரியையும் சுற்றியே இருந்தன.

காரைக்குடி, செவிலியர் படிப்பு மாணவி: உடலில் நீரைக் காக்கும் வாசோபிரெசின், தாய்ப்பாலை இறக்கும் ஆக்ஸிடோசின் என்ற இரண்டு ஹார்மோன்களையும் பின் பிட்யூட்டரி உற்பத்தி செய்கிறது என்று தேர்வில் எழுதினேன். மதிப்பெண் தரவில்லை, ஐயா. அங்கிருந்துதானே வெளிவருகின்றன?

வெளிவருவது அங்கிருந்துதான் மகளே, உண்டாவது அங்கல்ல. கல்யாண வீட்டில் அதிரசத்தையும் முறுக்கையும் பின்கட்டில் சுட்டு, டின்களில் அடைத்து, வளவு அறையில் பூட்டிவைப்பார்கள். அறையிலிருந்து எடுத்துக் கொடுப்பதால் அறை சுட்டதாகிவிடுமா? ஹைப்போதலாமஸின் நரம்பணுக்களில்தான் இந்த ஹார்மோன்கள் உருவாகின்றன. நுண்பைகளில் அடைபட்டு, பிட்யூட்டரிக் காம்பு வழியே இறங்கும் நரம்பிழைகளின் நுனியில் போய்த் தங்குகின்றன. அந்த நுனிகள் திரண்ட இடமே பின் பிட்யூட்டரி. மேலிருந்து மின்துடிப்பு வந்ததும் நுனிக்குள் கால்சியம் புகும், பைகள் திறக்கும், சரக்கு ரத்தத்தில் கலக்கும். முன் பிட்யூட்டரி அப்படியல்ல, அது தானே அடுப்பு மூட்டும். உங்கள் ஆசிரியர் கறாரானவர்தான், ஆனால் திருத்தியது சரி.

தேவகோட்டை, குடும்பத் தலைவி: கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் தாகம் வாட்டுகிறது, சிறுநீரும் குறைந்து மஞ்சளாகப் போகிறது. 75 வயது மாமியாரோ கத்தரி வெயிலிலும் தண்ணீர் கேட்பதில்லை. யாருக்குக் கோளாறு?

உங்களுக்கு இல்லை. உப்பு ஏறி ரத்தத்தின் அடர்த்தி 1 அல்லது 2 சதவீதம் கூடினாலே ஹைப்போதலாமஸ் கண்டுகொள்ளும். தாகத்தைக் கிளப்பும், வாசோபிரெசினையும் விடும். அது சிறுநீரகக் குழாய்ச் சுவரில் அக்வாபோரின் என்னும் நீர்வாய்களைக் கூட்ட, வெளியேற இருந்த நீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது. தண்ணீர் குடித்ததும் எல்லாம் அடங்கும். முதுமையில் தாக உணர்வு மங்கும். மாமியாருக்குக் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீரோ மோரோ கொடுங்கள். இதயம், சிறுநீரகம் காரணமாக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி.

பள்ளத்தூர், ஆச்சி ஒருவர்: தலைப்பிரசவத்துக்கு வந்த மகளுக்கு, ஆள் கூடினால் பால் இறங்குவதில்லை. தனியே இருக்கும்போது பிள்ளை அழும் சத்தத்துக்கே சேலை நனைகிறது. கண்பட்டது என்கிறார்கள்.

கண் அல்ல ஆச்சி, கூச்சம். பாலைச் சுரக்கவைப்பது முன் பிட்யூட்டரியின் புரோலாக்டின். சுரந்ததை இறக்குவது ஆக்ஸிடோசின். பிள்ளை உறிஞ்சும் உணர்வு தண்டுவடம் வழியே ஹைப்போதலாமஸுக்கு ஏற, ஆக்ஸிடோசின் வந்து பால் பைகளைச் சுற்றிய தசையணுக்களைப் பிழிகிறது. பழகிவிட்டால் அழுகுரலே போதும். பதற்றமும் வலியும் அதைத் தடுக்கும். விருந்தாளிகளை முகப்பிலேயே உட்காரவையுங்கள், மகளுக்கு உள்ளறையைக் கொடுங்கள். திருஷ்டி சுற்றிப் போட்டே ஆகவேண்டும் என்றால் அதையும் செய்யுங்கள், ஆளெல்லாம் போன பிறகு. பிள்ளையின் எடை ஏறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கானாடுகாத்தான், இளைஞர்: பிரசவ அறையில் டிரிப்பில் ஏற்றுவதும் இதே ஆக்ஸிடோசினா?

அதேதான், செயற்கையாகச் செய்தது. 1953இல் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார். 1955இல் நோபல் பரிசு. ரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடுவதால் விடாமல் சொட்டவேண்டியிருக்கிறது.

புதுவயல், அண்ணன் ஒருவர்: தம்பி நாளுக்கு 10 லிட்டர் குடிக்கிறான், அவ்வளவும் சிறுநீராகப் போகிறது. சர்க்கரை இல்லை. தண்ணீரைக் குறைத்தால் சரியாகுமா?

குறைத்துவிடாதீர்கள், ஆபத்து. வாசோபிரெசின் போதாமலோ, அதன் சொல்லைச் சிறுநீரகம் கேளாமலோ இருக்கலாம். வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். பிரித்தறியும் சோதனை மருத்துவமனையில்தான் நடக்கவேண்டும். பற்றாக்குறை என்றால் டெஸ்மோபிரெசின் மருந்து உண்டு. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்க்கும்வரை தண்ணீர்ச் செம்பு அவன் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.