தளிர் மட்டும் மஞ்சளாவது ஏன்?

கேள்வி: தொட்டியில் வளரும் என் செம்பருத்தியின் புதுத்தளிர்கள், நரம்பு பச்சையாகவும் மற்ற பகுதி மஞ்சளாகவும் வருகின்றன. இருமுறை உரமிட்டும் மாற்றமில்லை. என்ன குறை?

பதில்: எந்த இலை முதலில் மஞ்சளானது என்பதே இங்கு முக்கியமான தடயம். தழைச்சத்தும் மக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை என்பதால், அவை குறையும்போது முதிர்ந்த இலைகளிலிருந்து தளிருக்குச் சென்றுவிடும். ஆகவே அடியிலைகளே முதலில் வெளுக்கும். இரும்பு அவ்வாறு எளிதில் நகராது; ஆகவே அது குறைந்தால் தளிரே முதலில் வெளுக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் இரும்புக் குறைபாடுதான். ஆனால் மண்ணில் இரும்பே இல்லை என்று அதற்குப் பொருளல்ல. மண்ணின் கார அமில நிலை (pH) 7-க்கு மேல் உயர்ந்தாலோ, ஓயாத ஈரத்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் போனாலோ, இருக்கும் இரும்பையும் வேரால் எடுத்துக்கொள்ள இயலாது.

எனவே மேலும் உரமிடாதீர்கள், தயவுசெய்து. மிகுந்த உரம் உப்பாகத் தேங்கி, இலை நுனிகளையும் கருகச் செய்யும். அடித்துளை அடைபட்டுள்ளதா என்று பாருங்கள். மேல்மண் ஓர் அங்குல ஆழம் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள். மண்ணைச் சோதித்ததில் காரத்தன்மை தெரியவந்தால், கார மண்ணிலும் கரைந்து நிற்கும் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு உரத்தை, உறையில் குறித்த அளவில் மட்டும் இடலாம். வெளுத்த இலைகள் முழுதும் தேறாமல் போகலாம். அடுத்து வரும் தளிரின் நிறத்தைக் கவனியுங்கள்.