வாசகர் கேள்வி: சயின்டிஸ்ட்டுக்கும் சோறு வேண்டுமே!

கேள்வி: சிவிலைசேஷன் 4 கம்ப்யூட்டர் விளையாட்டில், லைப்ரரி முடிந்ததுமே ஊராரில் இருவரை வயலிலிருந்து எடுத்து சயின்டிஸ்ட்டாக உட்கார வைத்துவிடுகிறேன். ஆற்றோரம் மக்காச்சோளம் இருந்தும் ஊர் 3 பேரைத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஏன்?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஊரில் தலைக்கு ஒரு டர்னுக்கு (ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கு) 2 உணவு வேண்டும். சயின்டிஸ்ட்டும் அதைத் தின்பார், ஒரு பிடி விளைவிக்க மாட்டார். ஊர் நிற்கும் கட்டம் 2, தண்ணீர் பாயும் மக்காச்சோளம் 6, ஆக 8. மூன்று பேர் சாப்பாடு போக மிச்சம் 2. நாலாவது ஆளுக்கு, நார்மல் வேகத்தில், 26 சேர வேண்டும். 13 டர்ன் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

அந்த இருவரையும் புல்வெளி ஃபார்முக்கு அனுப்புங்கள். ஃபார்முக்கு 3 வீதம் வர, மிச்சம் 8 ஆகிவிடும். ஏழெட்டு டர்னில் 5 பேர். அப்போது இருவரை லைப்ரரிக்கு மாற்றினாலும் மிச்சம் 4 நிற்கும். கிரானரியை (தானியக் களஞ்சியம்) லைப்ரரிக்கு முன்பே கட்டிவிடுங்கள். ஆள் கூடும்போது பாதி உணவு கையில் தங்கும்.

எப்போது மாற்றுவது? மகிழ்ச்சி வரம்பைப் பாருங்கள். வரம்பு 5 என்றால், ஆறாவது ஆள் வந்ததும் ஒருவர் முகம் சிவந்து உட்கார்ந்துவிடுவார்: 2 உணவு தின்பார், வேலைக்கு வரமாட்டார். வரம்பைத் தொட்டபின் கூடுதல் விளைச்சல் வீண். சயின்டிஸ்ட்டுக்கு அதுதான் நேரம். கிரேட் சயின்டிஸ்ட் வந்து எழுப்பும் ஆராய்ச்சிக் கூடமான அகாடமியை எப்படியாவது சீக்கிரம் கட்ட வேண்டும் என்றால் மட்டும் 3 பேரோடு இழுத்தடிக்கலாம். 17 டர்னில் முதல் கிரேட் சயின்டிஸ்ட் வந்துவிடுவார், ஊர் மெலிந்தே கிடக்கும்.

சாதாரண புல்வெளி ஃபார்ம், உழுபவர் சாப்பாடு போக 1 தான் மிச்சம் வைக்கும். அதாவது இரண்டு உழவருக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட் (சயின்டிஸ்ட் போல வயலுக்குப் போகாதவர்). பயாலஜி என்ற டெக்னாலஜி வந்தபின் ஒன்றுக்கு ஒன்று. சிவில் சர்வீஸ் என்ற டெக்னாலஜி வரும்வரை இந்த ஃபார்மை ஆறு, ஏரி ஒட்டிய கட்டத்தில்தான் போட முடியும். ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து நாற்று விடும் சித்தூர்ப் பக்கத்தாருக்கு இதை விளக்கவா வேண்டும்!

கேள்வி: நாலு ஊரிலும் இரண்டிரண்டு சயின்டிஸ்ட் வைத்தும் கிரேட் சயின்டிஸ்ட் ஒருவர்தான் வந்தார்?
– வாசகி, கொல்லங்கோடு

பதில்: கிரேட் சயின்டிஸ்ட்டை வரவழைக்கும் புள்ளிகள் ஊர் ஊராகச் சேரும்; விலை மட்டும் நாட்டுக்கே பொது. முதலாமவருக்கு 100, அடுத்தவருக்கு 200, பிறகு 300. இருவர் டர்னுக்கு 6 புள்ளி தருவார்கள். 17-வது டர்னில் நாலு ஊரும் 102 தொடும், ஒன்றுக்குத்தான் ஆள் கிடைக்கும். மற்ற மூன்றும் 200-க்கு ஏங்கும். இரண்டாமவர் வர 34 டர்ன்.

எத்தனை சயின்டிஸ்ட் வேண்டுமானாலும் வைக்கவிடும் ஆட்சிமுறையான காஸ்ட் சிஸ்டம் எடுத்து, ஒரே ஊரில் நாலு பேரை வையுங்கள். டர்னுக்கு 12 புள்ளி, 25 டர்னில் இருவர் வந்துவிடுவார்கள். ஊரில் 7 பேர் வேண்டும்: மக்காச்சோளத்தில் ஒருவர், ஃபார்மில் இருவர், சயின்டிஸ்ட்டாக நால்வர். வரவு 14, செலவு 14. ஊர் வளராது, தேயவும் செய்யாது. அந்த ஊரில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற அதிசயத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள். அதன் புள்ளியும் கலந்து, சயின்டிஸ்ட்டுக்குப் பதில் கிரேட் ப்ராஃபெட் (மதப் பெரியவர்) வந்து நின்றாலும் நிற்பார்.