கண் கருவி லென்ஸ்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், விழித்திரையைப் படம் எடுக்கும் ஃபண்டஸ் கேமராவைப் பற்றியவை. மழைக்காலம் ஆனதால் பூஞ்சைக் கேள்விகளும் நிறைய. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஃபண்டஸ் கேமரா படங்களில் வெள்ளைப் புள்ளிகள் வருகின்றன. லென்ஸ் அழுக்கா, கண்ணிலேயே இருப்பதா, எப்படிக் கண்டுபிடிப்பது? (தஞ்சாவூர்)

அடுத்தடுத்து எடுத்த மூன்று பேருடைய படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் புள்ளி ஒரே இடத்தில் இருந்தால் அது கருவியுடையது. ஒரே ஆளைப் பார்வையைச் சற்று நகர்த்தச் சொல்லி இரண்டு படம் எடுத்தாலும் தெரிந்துவிடும். ரத்தக்குழாயோடு சேர்ந்து புள்ளியும் நகர்ந்தால் கண்ணில் இருக்கிறது. அசையாமல் நின்றால் லென்ஸில் இருக்கிறது.

மங்கலான வெள்ளைப் புள்ளி என்றால் பெரும்பாலும் முன் லென்ஸ்தான். ஃபிளாஷ் வெளிச்சம் அந்த லென்ஸ் வழியாகவே வெளியே போவதால், மேலே இருக்கும் தூசியில் பட்டுச் சிதறி அப்படியே கேமராவுக்குத் திரும்பி வருகிறது. விளிம்பு தெளிவான கறுப்புப் புள்ளி என்றால் உள்ளே சென்சார் பக்கம். அதை நீங்கள் தொட வேண்டாம், சர்வீஸ் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

தினமும் காலையில் சானிடைசர் போட்டு லென்ஸைத் துடைக்கிறோம். ஆனாலும் படம் மங்கலாகவே வருகிறது. (பெயர், ஊர் எழுதவில்லை)

சானிடைசர் போடுவதால்தான் மங்கல். கை வறண்டு போகாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் தந்த கலவையிலேயே ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் உண்டு. ஆல்கஹால் பறந்துவிடும், கிளிசரின் லென்ஸில் படலமாகத் தங்கிவிடும். சர்ஜிகல் ஸ்பிரிட்டும் வேண்டாம், அதிலும் எண்ணெய்ப் பிசுக்குள்ள சேர்மானங்கள் இருக்கின்றன. எந்த மாடல் என்று எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். கருவியோடு வந்த கையேட்டில் லென்ஸைத் துடைப்பதற்கென்று ஒரு பக்கம் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். அப்புறம், தினமும் துடைப்பது எதற்கு? அழுக்கு இருந்தால் மட்டும் துடையுங்கள். அழுக்கைவிடத் துடைத்துத் துடைத்தே கெட்டுப்போன லென்ஸ்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முகாமில் ஒரு நாளில் நூறு பேருக்கு மேல் படம் எடுக்கிறோம். நடுவில் லென்ஸைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஒன்றிரண்டு புள்ளி இருந்தால் படிக்கிற டாக்டருக்குத் தெரியாதா? (விழுப்புரம்)

தெரியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சர்க்கரை நோய் முகாமில் எடுத்த படங்களை நகரத்தில் உட்கார்ந்து ஒரு டாக்டர் படித்தார். ஒரு அம்மாவின் வலது கண் படத்தில், மேக்குலாவுக்கு (விழித்திரையின் நடுப்பகுதி) கொஞ்சம் கீழே மூன்று வெளிர்ப் புள்ளிகள். விழித்திரைக் கசிவாக இருக்கலாம் என்று குறித்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தார். பார்வை போய்விடுமா என்றுதான் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்ததாக மகன் சொன்னார். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் விழித்திரையில் ஒன்றுமே இல்லை. அப்புறம் அன்றைய கோப்பைத் திறந்தோம். அவருக்கு முன்னால் எடுத்த ஒருவரிலிருந்து தொடங்கி, வரிசையாகப் பதினோரு பேர் படத்தில் அதே மூன்று புள்ளிகள், அதே இடத்தில். யாருடைய கண்ணீரோ தெறித்து லென்ஸில் காய்ந்திருக்கிறது.

படிக்கிற டாக்டர் முன்னால் வருவது ஒரு ஆளின் படம். பக்கத்து ஆளின் படத்தோடு ஒப்பிட அவருக்கு வழியில்லை. கம்ப்யூட்டர் படித்தாலும் அதே கதைதான். புள்ளிக்குப் பதில் லென்ஸ் முழுக்கப் பிசுக்கு இருந்தால் இன்னும் மோசம். படம் தேறாது என்றோ கண்புரை என்றோ எழுதி அனுப்பிவிடுவார்கள், உள்ளே நிஜமாக இருக்கும் நோய் மறைந்துபோகும்.

கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவில் இருப்பது சுமார் 4 செ.மீ. தான். இமை மயிர் உரசும், மூக்கு நுனி படும், மருந்து விட்ட கண்ணிலிருந்து நீர் தெறிக்கும். அதனால் முதல் ஆளுக்கு முன் அறையை இருட்டாக்கி, லென்ஸுக்கு எதிரே கறுப்புத் துணி தொங்கவிட்டு ஒரு வெற்றுப் படம் எடுங்கள். இருபது பேருக்கு ஒருமுறை இன்னொன்று. அரை நிமிட வேலை. படம் சுத்தமாக இருந்தால் லென்ஸைத் தொடாதீர்கள்.

புள்ளி தெரிந்தால் முதலில் ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். போகாவிட்டால் லென்ஸ் பேப்பரை மடித்து, கையேட்டில் சொன்ன திரவத்தை ஓரிரு சொட்டு பேப்பரில் விட்டு (லென்ஸ் மேல் ஊற்றக் கூடாது, விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்), நடுவில் தொடங்கி வட்டமாக விளிம்பு வரை ஒரே ஓட்டமாக, அழுத்தாமல் கொண்டுபோங்கள். அந்தப் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். ஊதாமல் நேரே துடைத்தால் தூசியில் இருக்கும் மணல் துகள் கோட்டிங்கைக் கீறிவிடும். கீறலைத் துடைத்துப் போக்க முடியாது. புடவைத் தலைப்பு, சட்டை நுனி, கைக்குட்டை, முகம் துடைக்கும் டிஷ்யூ எதுவும் லென்ஸ் பக்கம் வரக் கூடாது.

ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) வெளிச்சத்தைத் திருப்பும் சிறு கண்ணாடி மங்கிவிட்டது. எதைக் கொண்டு துடைக்கலாம்?

துடைக்கக் கூடாது. வெளிச்சத்தைத் திருப்பும் பூச்சு அதன் முன்பக்கத்தில் இருக்கிறது, துணி பட்டாலே கீறும். புளோயரால் ஊதுங்கள். அதற்கும் மேல் மங்கலாக இருந்தால் புதுக் கண்ணாடி போட்டுவிடுங்கள், பெரிய செலவில்லை.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது. கடற்கரைப் பக்கம் கிளினிக். (நாகப்பட்டினம்)

பூஞ்சை. உள்ளே இருப்பதை நீங்கள் எடுக்க முடியாது, கழற்றவும் முயல வேண்டாம். சீக்கிரம் எஞ்சினியரிடம் காட்டுங்கள். விட்டுவைத்தால் அதில் ஊறும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும், அப்புறம் சுத்தம் செய்தாலும் தடம் நிற்கும்.

இனி வராமல் இருக்க: ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி அறையில் மாட்டுங்கள். விழித்திரையைப் பார்க்கக் கையில் பிடிக்கும் 20டி, 90டி லென்ஸ்களை, மூடி இறுகும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஜெல்லை ஒரு பாத்திரத்தில் போட்டு, மின்சார ஓவனில் சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், நீல நிறம் தரும் கோபால்ட் நஞ்சு. ஏ.சி. அறையில் குளிர்ந்த கருவியை வெளியே முகாமுக்குக் கொண்டுபோனால் பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். உடனே திறந்தால் லென்ஸ் வியர்த்துவிடும்.

லென்ஸை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்யலாமா? (மதுரை)

எந்த லென்ஸ்? அதை எழுதாமல் நான் என்ன சொல்வது? ஆட்டோகிளேவ் தாங்கும் என்று தயாரித்தவர் எழுதித் தராவிட்டால் எதையும் போடாதீர்கள். கண்ணைத் தொடாத 90டி என்றால் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணைத் தொடும் கோனியோ லென்ஸ் என்றால் கிருமிநீக்கம் கட்டாயம். அதில் பிளாஸ்டிக் இருந்தால் ஸ்பிரிட் படக் கூடாது, நாளடைவில் வெடிப்பு விடும். கையேடு அனுமதித்தால் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். அப்புறம் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி உலர்த்துங்கள். மிச்சம் தங்கினால் அடுத்தவரின் கருவிழி எரிந்துபோகும்.

ஓ.சி.டி.யில் (விழித்திரையை அடுக்கடுக்காக ஸ்கேன் செய்யும் கருவி) சிக்னல் குறைவாக வருகிறது. லென்ஸ் துடைக்க வேண்டுமா?

எல்லாருக்கும் குறைந்தால் லென்ஸைப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் அவருக்குக் கண் வறட்சியோ கண்புரையோ இருக்கும். இரண்டு முறை கண் சிமிட்டச் சொல்லிவிட்டு மறுபடி எடுங்கள்.

இரவில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடுகிறோம். சரிதானே?

தூசிக்குச் சரி. ஆனால் அடி வரை இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். துணி உறை நல்லது, வாரம் ஒருமுறை துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். முதலில் லென்ஸ் மூடி, அதற்கு மேல் உறை.