வெள்ளிவிழாவும் வடை பாயசமும்

கேள்வி: எங்கள் 25-வது திருமண நாளுக்கு மறுபடி மாலை மாற்றிக்கொண்டு, மண்டபச் செலவை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்கிறார் கணவர். காதல் கல்யாணம் எங்களுடையது. உறவினர்கள் சிரிக்கிறார்கள்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சிரிக்கட்டும். உங்கள் மாவட்டத்துக் காந்தியவாதி கிருஷ்ணம்மாளும், அவரைப் போலவே காந்தியவாதியான ஜெகந்நாதனும் சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று காத்திருந்து 1950-இல் மணந்தார்கள். அவர் வசதியான வீட்டுப் பிள்ளை, இவர் ஏழை தலித் குடும்பத்துப் பெண். அப்போது சிரித்தவர்கள் எத்தனை பேரோ! அப்புறம் நிலத்தைத் தானமாகக் கேட்டு வாங்கிய பூதான இயக்கம், 1981-இல் உழுபவருக்கு நிலம் பெற்றுத்தர அவர்களே தொடங்கிய லாஃப்டி அமைப்பு என்று நிலமற்றவர்களுக்காகவே இருவரும் வாழ்ந்தார்கள்.

மாலையை விட்டுவிடாதீர்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது. முதியோர் இல்லத்தில் விருந்து போடுவதுதான் வேண்டாம். விசேஷ நாளில் எல்லாரும் வடை பாயசத்தோடு போய் நிற்பார்கள். பொறுப்பாளரிடம் கேட்டு அரிசி, எண்ணெய், பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கிக் கொடுங்கள்.