நீண்ட ஆங்கில அறிவியல் சொற்களின் உச்சரிப்பில் அழுத்தம் எங்கே? கேள்வி பதில்

கேள்வி: டி.என்.ஏ.வின் முழுப்பெயரில் வரும் 'டீஆக்ஸிரைபோநியூக்ளீயிக்' என்ற சொல்லை எப்படிப் பிரிப்பது? எங்கே அழுத்துவது?

பதில்: எட்டு அசைகள். டீ-ஆக்-ஸி-ரை-போ-நியூ-க்ளீ-இக். அழுத்தத்துக்குப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 'இக்' என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில்தான் முதன்மை அழுத்தம். ஆக, இங்கே 'க்ளீ'. 'ஆக்', 'ரை' இரண்டுக்கும் துணை அழுத்தம் போதும், மற்றவற்றை லேசாகக் கடந்துவிடுங்கள். நாம் தமிழ்ப் பழக்கத்தில் எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுக்கிறோம், கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகிறது.

எழுத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், ஒலியைக் கேட்டுப் பிரியுங்கள். எக்ஸ் என்ற ஒரே எழுத்து 'ஆக்', 'ஸி' என இரண்டு அசைகளில் பங்கு போடப்படுகிறது, பாருங்கள். அப்புறம், இது யாப்பில் வரும் அசை அல்ல. அங்கே 'கட' ஒரே நிரையசை; இங்கே இரண்டு அசைகள்.

கேள்வி: தெர்மோடைனமிக்ஸ்?

பதில்: அதே விதி. 'ன'வில் அழுத்தம்.

கேள்வி: அரித்மெடிக்கும் 'இக்' என்றுதானே முடிகிறது? 'ரித்'தை அழுத்துகிறார்களே?

பதில்: நல்ல கேள்வி. கணக்கு என்ற பெயர்ச்சொல்லாக வரும்போது அது விதிவிலக்கு. உரிச்சொல்லாக வந்தால் விதிப்படி 'மெ'வுக்குப் போய்விடும்.

கேள்வி: வரி முடிவில் சொல்லை எங்கே உடைப்பது?

பதில்: அது அச்சு மரபு, அகராதியில் பாருங்கள். உச்சரிப்புக்குக் காதைத்தான் நம்ப வேண்டும்.

கேள்வி: கிலோமீட்டரில் 'கி'யா, 'லா'வா?

பதில்: என் தேர்வு 'கி'. சென்டிமீட்டர், மில்லிமீட்டர் என அளவுகள் எல்லாம் முதல் அசையில் அழுந்துகின்றன. தெர்மாமிட்டர், பராமிட்டர் (காற்றழுத்தமானி) போன்ற கருவிகளில்தான் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகிறது.

கேள்வி: அகராதிகள் 'கிலாமிட்டர்' என்பதையும் தருகின்றனவே! பெரும்பாலோர் சொல்வதைத் தவறு என்பீர்களா?

பதில்: தவறு என்று நான் சொல்லவே இல்லை. கருவிப் பெயர்களின் இழுப்பில் வந்த உச்சரிப்பு அது, இன்று நிலைத்தும் விட்டது. ஆனால் அந்த வேறுபாட்டால் பயன் இருக்கிறது. மைக்ராமிட்டர் என்று 'க்ரா'வை அழுத்தினால் திருகு அளவி. 'மை'யை அழுத்தினால் மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆய்வகத்தில் அழுத்தம் ஒன்றே இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. அதை ஏன் இழக்க வேண்டும்?

கேள்வி: ஜெனெடிக் என்பதில்?

பதில்: மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: 'இக்' முடிவு, முந்தைய அசை. 'னெ'.